தம்பியின் சீரத்தில் ஒரு கோடு

பிப்ரவரி 9

தம்பிக்கு,

பதினோரு தடவை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை உன் மனைவி எடுத்தாள். "அண்ணி, அவர் பேச மாட்டாராம். போன்ல பேசினா விஷயம் நடுவுல காணாமப் போயிடுமாம். எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்றார்" என்றாள். சரி, எழுதுகிறேன்.

வியாழக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிபார்க்க உன் கம்பெனி உன்னை அனுப்பியிருக்கிறது. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தவன், வேலை முடிந்ததும் எட்டாவது மாடிக்கு, எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருக்கிறாய். அக்கா அசந்து போகட்டும் என்று நினைத்திருப்பாய். நான் கீழே ரத்தம் எடுக்கும் அறையில் இருந்தேன். பக்கத்து மேசைக்காரி உன்னைப் பார்த்ததும் "அட, நம்ம நார்மல் வந்திருக்கார்!" என்று எழுந்தே நின்றாளாம்.

அந்தப் பட்டப்பெயரில் உனக்குப் பெருமை என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் புது மெஷின் வந்தது. அதை முதலில் நல்ல ரத்தத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நோயில்லாதவர் ரத்தத்துக்கு எங்கே போவது? வீட்டு மனிதர்களைத்தான் கை நீட்டச் சொல்வோம், எங்கள் கூடத்தில் அதுதான் வழக்கம். "நாள் பூரா ஏறி இறங்கற உடம்பு, இதவிட நல்ல ரத்தம் உங்களுக்கு எங்க கிடைக்கும்?" என்று சட்டைக் கையை மடித்தவன் நீ. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் நீ 'நார்மல்'.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உன் ரத்தம் நார்மலாக இல்லை. அன்றைக்கே உன் தாளை எடுத்து ஒளித்துவிட்டு, வீட்டிலிருந்து உன் மாமாவை வரவழைத்து அவர் ரத்தத்தில் மெஷினை ஓட்டினேன். "எங்க, என் ரத்தத்த காட்டுங்க பாப்போம்" என்று வியாழக்கிழமை நீ பக்கத்து மேசைக்காரியிடம் கேட்டாயாம். அவள் பாவம், என் இழுப்பறையைத் திறந்து உன் பெயர் போட்ட உறையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். உள்ளே நாலு தாள். நாலிலும் ஒரே இடத்தில் ஒரு கோடு, அதைச் சுற்றி என் பென்சில் வட்டம். கோட்டின் அளவு 0.8, 0.9, 1.0, 1.1. நாலின் அடியிலும் என் கையெழுத்தில் "அவனிடம் சொல்லணும்".

நான் மேலே வருவதற்குள் நீ போய்விட்டாய். எட்டு மாடியும் படியில் இறங்கினாயாம். லிஃப்ட்காரரே படியில் போகிறார் என்று காவல்காரர் சிரித்தார்.

விட்டமின் பார்க்கிறேன், சர்க்கரை பார்க்கிறேன் என்று பொய் சொல்லித்தான் மற்ற மூன்று தடவையும் ரத்தம் எடுத்தேன். தப்பு முழுக்க என்னுடையது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கடைசித் தாள் எடுத்துப் பதினாலு மாசம் ஆகிவிட்டது. உடனே ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 17

மதிப்புக்குரிய லேப் அக்கா அவர்களுக்கு,

லெட்டர் வந்துச்சு. ரெண்டு தடவ படிச்சேன். மூணாவது தடவ படிக்கறதுக்குள்ள என் பொண்டாட்டி புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா, கிழிச்சுப் போட்டுடுவேன்னு.

நாலு தடவ எழுதியிருக்கே, அவனிடம் சொல்லணும்னு. யார்கிட்ட சொன்னே? பென்சில்கிட்டயா?

என் தொழில் என்னன்னு உனக்குத் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஒவ்வொரு கட்டடத்துலயும் லிஃப்ட் கயிறோட தடிமன அளந்து, புத்தகத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு, கட்டடத்துக்காரங்க கண்ணுல காட்டிட்டுத்தான் இறங்குவேன். தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் மூணு வருஷம் வாயத் தெறக்காம இருந்தேன்னு வை, கையில விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போவாங்க. போகவும் வேண்டியதுதான். நீ வெள்ளக் கோட்டு போட்டவ, உனக்கு மட்டும் எல்லாம் மன்னிப்பாக்கும்!

சொந்த அக்கா. அதான் வயிறெரியுது. வேற எவளோ செஞ்சிருந்தா நாலு வார்த்த கேட்டுட்டு மறந்திருப்பேன்.

டெஸ்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் கையில ஊசி குத்தற பேச்ச இதோட விடு. ஆனா அந்தக் கோடு என்ன எழவுன்னு மட்டும் எழுது. டாக்டர் பாஷையில வேண்டாம், எனக்குப் புரியற மாதிரி. ஒரு வரி மறைச்சேன்னு தெரிஞ்சுது, இந்த விலாசத்துக்கு லெட்டர் போடற வேலையே உனக்கு வேண்டாம்.

உன் 'நார்மல்'


பிப்ரவரி 25

தம்பிக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன்.

ரத்தத்தைக் கொஞ்ச நேரம் உறைய விட்டால் மேலே மஞ்சளாக ஒரு நீர் தெளிந்து நிற்கும். அதுதான் சீரம். அதில் ஒரு சொட்டை ஜெல் தகட்டில் வைத்து மின்சாரம் விடுவோம். உள்ளே இருக்கும் புரதங்கள் ஆளுக்கொரு வேகத்தில் ஓடி ஆளுக்கொரு இடத்தில் நின்றுவிடும். சாயம் போட்டால் கண்ணுக்குத் தெரியும். கிருமியோடு சண்டை போடும் புரதங்களில் எத்தனையோ ரகம், அதனால் அவை சிலேட்டில் சாக்பீஸைக் கையால் தேய்த்த மாதிரி மங்கலாகப் பரவித் தெரியும். உன் தாளில் அந்த மங்கலுக்கு நடுவே ஒரே ஒரு மெல்லிய கோடு. எலும்புக்குள்ளே மஜ்ஜையில் இருக்கும் ஒரு செல் கூட்டம், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு ஒரே ரகப் புரதத்தை அளவுக்கு மேல் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த ரகம் என்றும் பார்த்தேன். ஐஜிஏ லாம்டா.

இந்த அளவில் அது நோய் இல்லை. மருந்தும் கிடையாது. நூறு பேருக்கு இப்படி ஒரு கோடு இருந்தால், வருஷத்துக்கு ஒருவருக்கு அது மைலோமாவாக மாறும். மைலோமா என்பது மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய். உன் ரகத்துக்கு அந்த ஆபத்து இன்னும் கொஞ்சம் கூட. மற்றவர்கள் கோட்டோடேயே கிழவர்களாகி வேறு எதற்கோ சாகிறார்கள். விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை? முதல் தடவை உன் மகளுக்குப் பரீட்சை. இரண்டாம் தடவை நீ மேற்பார்வையாளர் ஆன சந்தோஷத்தில் வந்திருந்தாய். மூன்றாம் தடவைக்கும் நாலாம் தடவைக்கும் சாக்கு கூட இல்லை. நீ சிரித்துக்கொண்டே வந்தாய், சிரித்துக்கொண்டே கை நீட்டினாய். தினமும் நூறு நோயாளிகளிடம் பேசுகிற வாய், உன் முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதற்குப் பெயர் பாசம் இல்லை, கோழைத்தனம். எனக்குத் தெரியும்.

உடம்பு எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

அக்கா


மார்ச் 8

அக்கா,

கோட்டுக்குப் பேர் வேற வச்சிருக்கே. ஐஜிஏ லாம்டா. கேட்டா ஏதோ வெளிநாட்டு மோட்டார் மாதிரி இருக்கு.

உன் லெட்டர என் பொண்டாட்டி மூணு தடவ படிச்சா. "அண்ணி ஒண்ணையும் மறைக்கலீங்க"ன்னு உனக்கு வக்காலத்து வாங்கறா. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்க, நடத்துங்க.

உடம்பு எப்படின்னு கேட்டே. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு மோட்டார நகத்தினதுல முதுகு புடிச்சுக்கிச்சு, இன்னும் விடல. மருந்துக் கடையில குடுத்த வலி மாத்திரைய நாளைக்கு மூணு போட்டுக்கிட்டு ஓட்டறேன். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. அம்பத்தொரு வயசாச்சே, வாங்காதா? தாகம்தான் தாங்கல, எவ்வளவு குடிச்சாலும் நாக்கு வறண்டு போவுது. இவ்வளவு தண்ணி குடிச்சும் காலையில வெளிக்குப் போறதுக்குள்ள படற பாடு இருக்கே, அத கூடப் பொறந்தவகிட்ட எழுத வெக்கமா இருக்கு. அது போகட்டும், மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்.

மாமாவக் கேட்டதாச் சொல்லு. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல.

தம்பி


மார்ச் 11

தம்பி,

இதைப் படித்து முடித்தவுடன் செருப்பைப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் கிளம்பு.

முதுகு வலி, மூச்சு வாங்குவது, தாகம், மலச்சிக்கல். நாலையும் நீ தனித்தனியாக எழுதியிருக்கிறாய், எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. வலி மாத்திரையை இந்த நிமிஷமே நிறுத்து, அது கிட்னியைக் கெடுக்கும். தண்ணீரை நிறுத்தாதே.

கூடவே வைத்திருக்கும் சீட்டில் டெஸ்ட்களின் பெயர் எழுதியிருக்கிறேன். ஹீமோகுளோபின், கால்சியம், கிட்னிக்கான கிரியேட்டினின், புரதக் கோடு, அந்தப் புரதத்தின் சின்னத் துண்டான லைட் செயின். இதை டாக்டரிடம் காட்டு. எங்கள் லேபுக்கு வர வேண்டாம், என் முகத்தையும் பார்க்க வேண்டாம். உன் ஊரிலேயே எடு. என்னைத் திட்டிக்கொண்டே போ, ஆனால் போ.

இந்தக் கடிதத்தை உன் மனைவி முதலில் படித்தால்: அம்மா, அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ.

அக்கா


மார்ச் 22

அக்கா,

அவதான் முதல்ல படிச்சா. அடுப்ப அணைச்சுட்டு, நான் போட்டிருந்த லுங்கியோடவே கெளப்பிட்டா.

ரிசல்ட் வந்தாச்சு. எழுதிக்கோ. ஹீமோகுளோபின் 9.1. கால்சியம் 11.9. கிரியேட்டினின் 1.8. கோடு 3.4. லைட் செயின் விகிதம் என்னமோ தலகீழா இருக்காம். ஸ்கேன்ல முதுகெலும்புல விரிசல் தெரிஞ்சுது. எலும்புல துளி மஜ்ஜை எடுத்துப் பாத்தாங்க. டாக்டரம்மா நல்ல மாதிரி. எதிர்ல உக்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, மைலோமான்னு சொன்னாங்க. அன்னிக்கே படுக்க வச்சு கால்சியத்த இறக்க மருந்து ஏத்தினாங்க. இப்ப வீட்டுலதான் இருக்கேன்.

பயமா இருக்குக்கா. அம்பது மாடிக் கட்டடத்துல லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாத்தவன், இந்த ஒரு தாள மடிச்சுத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். மகளுக்கு இன்னும் முழுசாச் சொல்லல. சொல்ல வாய் வரல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேராப் பதில் சொல்லு. முதல் தடவையே நீ என்கிட்ட சொல்லியிருந்தா, இந்த முதுகெலும்பு இப்படி விரிசல் விட்டிருக்குமா?

தம்பி


மார்ச் 27

தம்பி,

இந்தக் கேள்வியை நீ கேட்பாய் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியும்.

நோய் வந்திருக்கும். அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் நான் சொல்லியிருந்தால், அந்தப் பதினாலு மாசத்தில் இரண்டு தடவையாவது நீ டெஸ்ட் எடுத்திருப்பாய். கோடு ஏறுவது தெரிந்திருக்கும். எலும்பு விரிசல் விடும் முன்பே, கிட்னி அடி வாங்கும் முன்பே மருந்து தொடங்கியிருக்கலாம். 'லாம்' என்றுதான் சொல்ல முடியும். ஆனால் அந்த 'லாம்' உனக்குக் கிடைக்காமல் போனது என்னால்.

இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் அழுதேன். உன் மாமா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நல்லதைக் கேள். கால்சியம் இறங்கும். சரியாகத் தண்ணீர் குடித்து மருந்தும் எடுத்தால் கிட்னி பெரும்பாலும் தேறும். இந்த நோய்க்கு இன்றைக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இவற்றில் பாதி கிடையாது. மாசாமாசம் ரத்தம் எடுப்பார்கள். ரிப்போர்ட்டை வாங்கி நீயே படி, டாக்டர் படிக்கட்டும் என்று விட்டுவிடாதே. ஒரு நோட்டில் தேதி போட்டுக் கோட்டின் அளவை எழுதிக்கொண்டு வா. கோடு என்றால் நோய், கோடு மெலிந்தால் நோய் மெலிகிறது. கோடே இல்லை என்று வருகிற நாள்தான் நமக்கு வேண்டிய நாள்.

பார்க்க வரட்டுமா? நீ வரச் சொன்னால்தான் வருவேன்.

அக்கா


ஜூலை 4

அக்கா,

வர வேண்டாம்னு என் பொண்டாட்டிய விட்டுச் சொல்லச் சொன்னேன், நீயும் வரல. அதுக்கு ஒரு தேங்க்ஸ். உன்னைப் பாத்திருந்தா அந்த நேரத்துல ஏதாவது அசிங்கமாப் பேசியிருப்பேன்.

மூணு மாசமா எழுதல, ஆனா நோட்டு எழுதிக்கிட்டே வரேன். ஏப்ரல் 3.4. மே 1.9. ஜூன் 0.8. நேத்து எடுத்தது 0.3! ஹீமோகுளோபின் 11.6. கால்சியம் சரியாயிடுச்சு. கிரியேட்டினின் 1.2. எப்படி இருக்கு?

முதல்ல வாரா வாரம் வயித்துல ஊசி, இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. கூடவே ஒரு மாத்திரை குடுக்கறாங்க பாரு, அதப் போட்ட அன்னிக்கு எனக்கு யானைப் பசி, புலிக் கோவம். வீட்டுல இருக்கற மூணு மின்விசிறியையும் கழட்டித் துடைச்சு மாட்டிட்டேன். நாலாவது இல்லையேன்னு பக்கத்து வீட்டுக்குப் போனேன். என் பொண்டாட்டி கையோட கூட்டிட்டு வந்துட்டா. மகளுக்கும் எல்லாத்தையும் சொல்லியாச்சு. ஊசி நாள்ல அவதான் கூட வரா, நர்ஸுகிட்ட என்னைவிட ஜாஸ்தி கேள்வி கேக்கறா.

முதுகுக்கு பெல்ட் குடுத்திருக்காங்க. கனம் தூக்கக் கூடாதாம். கம்பெனியில உக்காந்து பாக்கற வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க.

போன தடவ நீ எழுதின பதில அடிக்கடி எடுத்துப் படிக்கறேன். 'என்னால'ன்னு எழுதினே பாரு. வேற எதையாவது சொல்லி மழுப்பியிருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது.

தம்பி


செப்டம்பர் 14

அக்கா,

எல்லாம் போச்சு.

ஆகஸ்ட்ல அளக்கவே முடியல, அவ்வளவு சின்னதுன்னு வந்துச்சு. இந்த மாசம் இன்னும் நுணுக்கமா ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, கோடு சுத்தமாப் போயிடுச்சான்னு பாக்க. ரிப்போர்ட் வாங்கி நின்ன எடத்துலயே படிச்சேன். 'கோடு உள்ளது.' நீ சொன்ன அந்த நாள் வரும் வரும்னு நோட்டுல ஒரு பக்கத்த காலியா விட்டு வச்சிருந்தேன். அதக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

டாக்டரம்மா லீவு. வேற ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட போய் நிக்க எனக்கு மனசில்ல. ஆறு மாசம் அவ்வளவு மருந்து ஏத்தியும் போகாத கோடு இனிமே எங்க போகப் போவுது? அடுத்த வியாழக்கிழமை ஊசி. நான் போகப் போறதில்ல. சொல்லிட்டேன். இவ அழறா, மகள் என்கூடப் பேசறதில்ல. ஊசியால வர்ற சோர்வும் வேண்டாம், அந்த மாத்திரையும் வேண்டாம். இருக்கற நாள நிம்மதியா இருந்துட்டுப் போறேன்.

ரிப்போர்ட் நகல் வச்சிருக்கேன். நீயும் பாத்துக்கோ.

தம்பி


செப்டம்பர் 18

தம்பி,

இதைத் தபாலில் போட்டால் வியாழன் தாண்டிவிடும் என்று உன் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதில் வாங்காமல் அவர் அங்கிருந்து நகர மாட்டார். வயிறாரச் சாப்பாடு போடு.

நகலில் எனக்கும் முதலில் அந்த இரண்டு வார்த்தைதான் கண்ணில் பட்டது. பிறகுதான் அந்த வரியை முழுசாகப் படித்தேன். நீ 'கோடு உள்ளது' என்பதோடு நிறுத்திவிட்டாய். அதற்கு அடுத்து என்ன இருக்கிறது? ஐஜிஜி கப்பா.

உன் கோட்டின் பெயர் என்ன? ஐஜிஏ லாம்டா. இது அவன் இல்லை, வேறு ஆள்!

யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. உன் வயிற்றில் போடும் ஊசி மருந்தே ஒரு எதிர்ப்புப் புரதம்தான். தொழிற்சாலையில் செய்தது, ஒரே ரகம், ஐஜிஜி கப்பா. உடம்பில் அது சுற்றிக்கொண்டிருக்கும்போது ரத்தம் எடுத்தால் தகட்டில் அதுவும் ஒரு சின்னக் கோடாக நிற்கும். உனக்கு என்ன ஊசி போடுகிறார்கள் என்று உன் ஊர் லேபுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கண்ணில் பட்டதை எழுதிவிட்டார்கள். நீ பார்த்துப் பயந்தது உன் மருந்தைத்தான் என்று நினைக்கிறேன்.

இதிலும் தப்பு என்னுடையதுதான். கோடு என்றால் நோய் என்று உன்னைக் கிளிப்பிள்ளை மாதிரி படிக்க வைத்தவள் நான். எந்தக் கோடு என்று பார்க்கச் சொல்லித் தரவில்லை.

ஆனால் இது என் சந்தேகம் மட்டும்தான். டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும். உன் லேபிலும், அந்த வேறு டாக்டரிடமும் நான் பேச நினைக்கிறேன். முன்னைப் போல் உன் ரத்தத்தைப் பற்றி உன் முதுகுக்குப் பின்னால் இனி ஒன்றும் செய்ய மாட்டேன். பேசலாம் என்றால் கீழே ஒரு வரி எழுதி மாமாவிடம் கொடு. வேண்டாம் என்றாலும் எழுதிக் கொடு. எப்படியானாலும் வியாழக்கிழமை ஊசிக்குப் போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 30

அக்கா,

மாமா கையில குடுத்த ஒரு வார்த்த உனக்குக் கிடைச்சிருக்கும். 'பேசு.' அத எழுதறதுக்குள்ள அவர் மூணு வேள சாப்பிட்டு, ரெண்டு தூக்கம் போட்டு, என் பொண்டாட்டியோட கத்தரிக்கோலுக்குச் சாணை புடிச்சுக் குடுத்துட்டார். மனுஷன் ஒரு வார்த்த அட்வைஸ் பண்ணல. அதான் எழுதினேன்.

வியாழக்கிழமை ஊசி போட்டுக்கிட்டேன். நீ பேசினப்புறம் லேப்ல அந்த ரத்தத்த மறுபடி ஓட்டினாங்களாம், மருந்தோட கோட்ட தனியாப் பிரிச்சுக் காட்டற முறையில. டாக்டரம்மா லீவு முடிஞ்சு வந்து என்னை நேராப் பாத்துச் சொன்னாங்க. அது ஊசியோட கோடுதான். லாம்டா எங்க தேடியும் கண்ணுல படல. லைட் செயின் விகிதமும் சரியாயிடுச்சு. நோய் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், நல்லா அடங்கியிருக்கு, விடாமப் பாக்கணும்னாங்க. எனக்கு அது போதும். வெளிய வந்து மருந்துக் கடை வாசல்ல நின்னு நானும் என் பொண்டாட்டியும் பைத்தியம் மாதிரி சிரிச்சோம்.

இனிமே போன் அடி, எடுக்கறேன். கோவம் எல்லாம் போயிடுச்சுன்னு நினைக்காதே, பாதி இருக்கு.

டாக்டரம்மா வேற ஒண்ணு சொன்னாங்க. கூடப் பொறந்தவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு மத்தவங்கள விடக் கொஞ்சம் கூடவாம். டெஸ்ட் கட்டாயம் இல்ல, அவங்க இஷ்டம்னாங்க. ஊர்ல இருக்கறவன் ரத்தத்தையெல்லாம் ஓட்டறியே, உன் ரத்தத்த என்னிக்காவது ஓட்டிப் பாத்தியா?

தம்பி


அக்டோபர் 9

தம்பி,

இல்லை. ஒரு தடவை கூட ஓட்டவில்லை. உன் முதல் தாளைப் பார்த்த அன்றே எனக்கும் பார்க்க வேண்டும் என்று தெரியும். பயம். இருபத்தெட்டு வருஷமாக அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், கையை நீட்டினால் மெஷின். நீட்டவில்லை.

உன் கேள்வியைப் படித்த மறுநாள் பக்கத்து மேசைக்காரியிடம் கையைக் கொடுத்தேன். "என்னக்கா, இப்பதான் தோணுச்சா?" என்றாள். ரிசல்ட்டை என்னிடம் சொல்லாதே, முகத்தில் கூடக் காட்டாதே, உறையில் போட்டு ஒட்டிக் கொடு என்று சொல்லிவிட்டேன். கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, கெட்டிக்காரி.

அந்த உறைதான் இது. நான் பிரிக்கவில்லை. உன் ரத்தத்தைப் பற்றி உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தது. என் ரத்தத்தைப் பற்றி எனக்கு முன்னால் உனக்குத் தெரியட்டும். இப்போது உனக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டுச் சொல்.

அக்கா


அக்டோபர் 15

அக்கா,

உனக்கும் ஒரு கோடு இருக்கு. சின்னது, 0.3. ஐஜிஜி லாம்டா. ஹீமோகுளோபின், கால்சியம், கிரியேட்டினின் எல்லாம் சரி. லைட் செயின் விகிதமும் சரி. முதல் வரியிலயே சொல்லிட்டேன், இனிமே மெதுவாப் படி.

இந்த லெட்டர தபால்ல போடல. பஸ்ஸுல உக்காந்து எழுதறேன், அதான் எழுத்து ஆடுது. மாஸ்க் போட்டிருக்கேன், திட்டாதே. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் கெளம்பினேன். உன் ரிப்போர்ட்டையும் காட்டினேன். மொத வருஷம் எனக்கு இருந்ததவிடக் கம்மி, ஆபத்து கொறஞ்ச ரகம், ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்னாங்க. முறைப்படி எல்லாத்தையும் உனக்கு அவங்களே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க.

இப்ப நான் செஞ்ச காரியத்தக் கேளு. உன் உறை திங்கக்கிழமை வந்துச்சு. வந்த உடனே பிரிச்சேன். படிச்சேன். போன எடுத்தேன், வச்சேன். மறுபடி எடுத்தேன், வச்சேன். செவ்வாய்க்கிழமை காலையில நீயே அடிச்சே. "உறை வந்துச்சாடா?"ன்னு கேட்டே. "இன்னும் வரலக்கா"ன்னு சொன்னேன்.

யோசிச்சுச் சொன்ன பொய் இல்ல. வாய் தானாச் சொல்லிச்சு. நீ சிரிச்சுக்கிட்டே "தபால்காரன் தூங்கறான் போல"ன்னே. அந்தச் சிரிப்பக் கேட்டுட்டு எப்படிக்கா சொல்றது? போன வச்சதும் அப்படியே தரையில உக்காந்துட்டேன். இவ ஓடி வந்து முதுகான்னு கேட்டா. முதுகு இல்லன்னேன்.

ரெண்டு நாள். ரெண்டே நாள்தான் வச்சிருந்தேன், சோறு எறங்கல. நீ மூணு வருஷம் அதச் சுமந்துக்கிட்டு ஒவ்வொரு தடவையும் எனக்கு இலை போட்டுப் பரிமாறி, என் ஜோக்குக்கெல்லாம் சிரிச்சிருக்கே. நீ செஞ்சது சரின்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன். நான் செஞ்சதும் சரியில்ல. ஆனா எப்படிச் செஞ்சேன்னு இத்தன நாளா எனக்குப் புரியல. இப்பப் புரியுது. பாதிக் கோவம் இருக்குன்னேனே, தேடிப் பாத்துட்டேன், காணோம்.

நேர்ல வாயத் தெறந்தா மறுபடியும் வேற எதையாவது சொல்லிடுவேன்னு பயம். அதான் எழுதிக் கொண்டு வந்து உன் கையில குடுத்திருக்கேன்.

படிச்சாச்சா? நிமிந்து பாரு. எதிர்லதான் உக்காந்திருக்கேன்.